தட்டில் வந்த நத்தைகள்

நைனா ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கம்பெனி வேலைக்குப் போன பிறகு அம்மா பின்பக்கம் ஒன்பது வாத்துகள் வளர்த்தாள். பாலசமுத்திரத்தில் எங்கள் தெருவில் மற்ற எல்லோரிடமும் கோழிதான். அதில் அம்மாவுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. பள்ளிக்கூடம் விட்டதும் அவற்றை ஏரிக்கு ஓட்டிப்போவது நாலாவது படித்த என்னுடைய வேலை.

ஒருநாள் கால்நடை ஆஸ்பத்திரி உதவியாளர் வந்து, கடலோர ஊர்களில் பறவைக் காய்ச்சல் என்றார். ஏரியை அவர் தெலுங்கில் செருவு என்றுதான் சொல்வார்.

"செருவுக்கு விடாதேம்மா. எங்கெங்கேயோ இருந்து பறவை வந்து எறங்கிக்கினு இருக்குது. அந்தத் தண்ணியே ஆவாது."

அம்மா அவர் சொன்னதையெல்லாம் செய்தாள். மேலே வலை கட்டினாள், வாசலில் சுண்ணாம்பு தூவினாள். வேலிக்குள் நுழையத் தனிச் செருப்பு வேண்டும் என்றதால் நைனாவின் பழைய ரப்பர் செருப்பை அங்கே போட்டாள். புருஷன் செருப்பில் காலை விடுவதா என்று ஒருநாள் முழுக்க யோசித்தாள். அப்புறம் விட்டாள். ஒரு தடவைகூட அதை மாற்றாமல் அவள் உள்ளே போனதில்லை.

அடைபட்ட வாத்துகள் தவிட்டைத் தொடாமல் என்னைப் பார்த்துக் கத்தின. எனக்கு மனசு கேட்கவில்லை. ஏரிக்கு வாத்துதானே போகக்கூடாது, நான் போகலாமே என்று நியாயம் கண்டுபிடித்தேன். மதியச் சோற்றுக்குக் கொண்டுபோகும் தட்டில் தினமும் ஏரி நத்தைகளைத் தண்ணீரோடு அள்ளிவந்தேன். கல்லால் உடைத்துச் சதையைப் போட்டுவிட்டு ஓடுகளை வேலி மூலையில் தழைக்கு அடியில் மறைத்தேன். என் கருணையை நினைத்து எனக்கே பூரிப்பாக இருந்தது. மறுநாள் அதே தட்டில் சோறும் தின்றேன்.

எட்டாம் நாளோ என்னவோ, மூன்று வாத்துகள் கழுத்தைத் திருகிக்கொண்டு செத்துக் கிடந்தன.

"பொதைச்சிட்டு கம்முனு இரு. ஆபீசுக்குச் சொன்னா எல்லார் கோழியும் பூடும்," என்றாள் எதிர்வீட்டு அத்தை.

அம்மா என்னைச் சோப்புப் போட்டு இரண்டு முறை குளிப்பாட்டினாள். என் தட்டை வெந்நீரில் போட்டுக் கொதிக்கவைத்தாள். நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். பிறகு என்னையும் கூட்டிக்கொண்டு நேராகக் கால்நடை ஆஸ்பத்திரிக்கு நடந்தாள்.

சோதனை முடிவு வந்ததும் முகமூடி போட்டவர்கள் வந்து மீதி ஆறு வாத்துகளையும் தெருக் கோழிகளையும் பிடித்துப்போனார்கள். தெருவே எங்கள் வாசலில் நின்று ஏசியது.

அம்மா நிதானமாகச் சொன்னாள்: "ஏரிக்கரை நெலத்துல கூலிக்குப் போன செருப்போடயே உள்ள போய்க்கினு இருந்தேன். எம்மேலதான் தப்பு. எம் பொண்ணு ஏரிப் பக்கமே போவல."

என்னைப் பற்றி யாருமே கேட்டிருக்கவில்லை. தப்பித்தோம் என்று மட்டும் எனக்குத் தோன்றியது.

சாயங்காலம் மெதுவாகப் போய் வேலி மூலையில் தழையை விலக்கிப் பார்த்தேன். ஓடு ஒன்றுகூட இல்லை. பெருக்கி, மேலே சுண்ணாம்பு தூவியிருந்தது. முகமூடிக்காரர்கள் வாத்துகளோடு அதையும் அள்ளிப் போய்விட்டார்கள் என்று நினைத்து நிம்மதியாகத் தூங்கப்போனேன்.