தனி எண்ணெய்

நாங்கள் இருக்கும் ஸ்காபரோவில் இருந்து காரில் ஒன்றரை மணித்தியாலம் ஓடினால் ஒரு பழைய கால்வாய் வரும். படகுகளை ஏற்றி இறக்கும் மதகுக்குப் பக்கத்தில், கரையோடு ஒட்டி, பச்சைக் கூரை போட்ட ஒரு பப். போன கோடை முழுவதும் சனிக்கிழமைகளில் அங்கே போய் வந்தேன். பெரிய காரணம் எதுவுமில்லை. எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளாது. ஐம்பது தாண்டியும் கால் அடங்கவில்லை.

பியர் ஒன்றை வாங்கிக்கொண்டு வெளி மேசையில் இருந்து தண்ணீரைப் பார்ப்பேன். மதகுக்குள் ஒரு படகு நுழையும். வேலையாட்கள் இருவர் இரும்புத் தடியைத் தள்ளிக்கொண்டு வட்டம் வட்டமாக நடப்பார்கள். கதவு மூடும். தண்ணீர் ஏறும். பள்ளத்தில் கிடந்த படகு மெல்ல மெல்ல என் கண் மட்டத்துக்கு வரும்; முதலில் ஒரு தொப்பி, பிறகு ஒரு கிழவர், பிறகு அவருடைய நாய். எங்களுடைய ஆட்கள் ஒருவரும் அந்தப் பக்கம் வருவதில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் எழுதிவிட வேண்டும்.

செப்டெம்பரில் ஒரு சனிக்கிழமை மனைவியையும் கூட்டிப்போனேன். அவளுடைய தங்கை யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரியில் கிடந்தாள். வயிற்றில் பெரிய சத்திரசிகிச்சை. தங்கை தன் காலால் நடந்து வீடு போய்ச் சேரும்வரை மச்சம் தொடுவதில்லை என்று மனைவி நேர்த்தி வைத்திருந்தாள். மீனில்லை, இறைச்சியில்லை, முட்டையில்லை. மூன்றாவது கிழமை நடந்துகொண்டிருந்தது. சோறும் பருப்புமாகச் சாப்பிட்டு, போனைத் தலையணைக்குக் கீழே வைத்துப் படுத்து, கண்ணுக்குக் கீழே கறுத்துப் போயிருந்தாள். கொஞ்சம் காற்றுப்பட்டால் நல்லம், வாரும் என்று நான்தான் இழுத்துக்கொண்டு போனேன்.

உணவுப் பட்டியலை மேலிருந்து கீழ்வரை வாசித்துவிட்டு மூடி வைத்தாள். எல்லாவற்றிலும் ஏதோ ஒன்று செத்திருந்தது. சலாட்டில்கூடப் பன்றித் துண்டு.

"நான் ஒரு சோடா குடிக்கிறன். நீங்கள் சாப்பிடுங்கோ."

"கிழங்குப் பொரியல் இருக்கெல்லே? கிழங்கிலை என்ன மச்சம்?"

"மீன் பொரிக்கிற எண்ணெயிலைதானே உதையும் பொரிப்பினம்? ஒருக்காப் போய்க் கேட்டுக்கொண்டு வாங்கோவன்."

"நீரே கேளுமன். அந்தப் பிள்ளை இந்தப் பக்கம்தான் வருது."

"உங்களைத்தானே அவைக்குத் தெரியும். பியர் எண்டால் இங்கிலிஸ் தண்ணி மாதிரி ஓடுது, எண்ணெய் எண்டால் மட்டும் நாக்கு ஒட்டுதோ?"

இரண்டு பேரும் சிரித்தோம். அவள் சிரித்து நாளாகியிருந்தது. அந்தச் சிரிப்போடு எழும்பி உள்ளே போனேன்.

உள்ளே நாலைந்து ஆண்கள் தொலைக்காட்சியில் ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பரிமாறும் பெண் என்னைக் கண்டதும், வழக்கமானதுதானே என்று கேட்டுக்கொண்டே கிளாசை எடுத்தாள். வழக்கமானது! அந்த ஒரு சொல்லுக்காகத்தான் கோடை முழுவதும் ஓடி ஓடி வந்தேனோ என்னவோ. இனி நான் எண்ணெயைப் பற்றிக் கேட்க வேண்டும். அவள் சமையலறைப் பக்கம் திரும்பிக் கூப்பிடுவாள், சமையல்காரர் கையைத் துடைத்துக்கொண்டு வருவார், ஆட்டம் பார்ப்பவர்கள் திரும்புவார்கள். ஒருவரும் சிரித்திருக்க மாட்டார்கள். அரை நிமிட வேலை. இப்போது தெரிகிறது. அப்போதும் தெரிந்துதான் இருந்தது.

சமையலறைக்குப் பாதிக் கதவு. சமையல்காரர் எண்ணெயிலிருந்து மீன் கூடையைத் தூக்கினார், இரண்டு தரம் உதறினார், அதே எண்ணெயில் கிழங்கைக் கொட்டினார். கேட்க இனி ஒன்றுமில்லை.

ஒரு மீன், ஒரு கிழங்குப் பொரியல், இன்னொரு பியர் என்றேன்.

"கேட்டனீங்களோ?"

"ஓம், கேட்டனான். தனி எண்ணெய்தானாம்."

அவளுடைய பசியைப் பார்க்கப் பொறுக்காமல் நான் சொன்ன பொய் என்று இதை எழுதினால் நன்றாகத்தான் இருக்கும். அது உண்மையில்லை. எனக்கு முன்னால் அவள் வெறும் சோடாவோடு இருந்தால் என் மீன் எனக்கு இறங்காது. நான் நிம்மதியாகச் சாப்பிட வேண்டும். அதற்கு அவள் சாப்பிட வேண்டும். அவ்வளவுதான்.

சாப்பிட்டாள். வினாகிரி தெளித்து, உப்புப் போட்டு, சுடச்சுட. மூன்று கிழமைக்குப் பிறகு ருசித்துச் சாப்பிட்டாள். "மொறுமொறெண்டு நல்லாயிருக்கு, என்ன?" ஒரு கிழங்கில் நகமளவு பொரிந்த மாவுத் துண்டு ஒன்று ஒட்டியிருந்தது. விரலால் கிள்ளி எடுத்துக் காட்டினாள்.

"உது என்ன?"

"கிழங்குத் தூள்."

வாங்கி என் வாயில் போட்டுக்கொண்டேன். மீன் ருசிதான்.

நாலாம் நாள் போன் வந்தது. புண் சீழ் கட்டி, காய்ச்சல் ஏறி, மறுபடியும் வெட்ட வேண்டுமாம். மனைவி சமையலறை நிலத்தில் அப்படியே இருந்துவிட்டாள்.

"நான் எங்கேயோ பிழை விட்டிட்டன்."

ஒவ்வொரு நாளாகப் பின்னோக்கித் தேடினாள். வேலையிடத்தில் ஒரு பிறந்தநாள், மறுக்க முடியாமல் ஒரு கரண்டி கேக். "அதிலை முட்டை இருந்திருக்கும். எனக்கு அறிவில்லாமல் போச்சு."

"விசர்க்கதை கதையாதையும். கேக்குக்கும் புண்ணுக்கும் என்ன சம்பந்தம்?"

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. இங்கே கொதித்த எண்ணெய் அங்கேயுள்ள புண்ணைத் தேடிப் போகாது. ஆனால் அவள் நம்பினாள். நம்பித்தான் பசி கிடந்தாள். கால்வாய்க் கரையில் உயர்ந்து வந்த படகுகளைப் பார்த்து, அவள் கை நீட்டிச் சிரித்துக்கொண்டிருந்த நேரத்தில், அந்தப் பசியை எடுத்துத் தண்ணீரில் போட்டவன் நான். இப்போது ஒரு கரண்டி கேக்குக்காகத் தன்னைத் தானே திட்டிக்கொண்டிருக்கிறாள். வாயைத் திறந்தேன். சொன்னால் இன்னும் உடைந்துபோவாள் என்று ஒரு நியாயம் வந்தது. எனக்கு மிகவும் வசதியான நியாயம். மூடினேன்.

அன்றிலிருந்து அவள் ஒரு நேரச் சாப்பாட்டுக்கு மாறினாள். அடுத்த நாள் நானும் மாறினேன். ஒன்றும் சொல்லாமல்தான் மாறினேன். வேறு எப்படி அந்த வீட்டில் அவளுக்கு முன்னால் சோற்றுக் கோப்பையை எடுத்து வைப்பது?

"நீங்கள் ஏன்? வேலைக்குப் போற ஆளெல்லே?"

"இருக்கட்டும்."

அவள் கண் கலங்கியது. கால்வாய்ப் பக்கம் நான் அதற்குப் பிறகு போகவில்லை. சனிக்கிழமைகளில் வீட்டிலேயே இருந்தேன். அதையும் அவள் என் விரதத்தோடு சேர்த்துக் கணக்கெடுத்துக்கொண்டாள்.

இரண்டு கிழமை கழித்துத் தங்கை கதைக்கும் நிலைக்கு வந்தாள். மனைவி போனில் அழுதாள், சிரித்தாள், என்னைப் பற்றி ஏதேதோ சொன்னாள். பிறகு போனை என்னிடம் நீட்டினாள். குரல் நூல்போல வந்தது.

"அத்தான், அக்கா சொன்னவ. நீங்களும் ஒரு நேரம்தானாம் சாப்பிடுறியள். எனக்காக."

"அது ஒண்டுமில்லை, பிள்ளை. நீர் முதல்ல எழும்பி நடவும்."

"நடப்பன். நடந்து நேரே கோயிலுக்குத்தான். உங்கட பேரிலை ஒரு அர்ச்சனை செய்விக்கப் போறன்."

"எனக்கு வேண்டாம். அக்காவின்ர பேரிலை செய்யும்."

மனைவி போனுக்குக் கிட்ட வந்து, "உவர் உப்பிடித்தான் சொல்லுவார். நீ செய்" என்றாள். கலியாணம் கட்டி இருபத்தைந்து வருடத்தில் நான் காணாத ஒரு மரியாதை அவள் முகத்தில் இருந்தது.

"அத்தான், உங்கட நட்சத்திரம் என்ன?"

மனைவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவிட்டம்" என்றேன்.

லைன் சரியில்லை, கேட்கவில்லை, திருப்பிச் சொல்லுங்கோ என்றாள் தங்கை. திருப்பியும் சொன்னேன், இந்த முறை இன்னும் கொஞ்சம் சத்தமாக.