சம்பந்தி வாங்கிய ஐந்து டயர்

செய்தி வந்தபோது நான் நாமக்கல்லில் ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தேன். பெங்களூரிலிருந்து மகள் கவிதா கூப்பிட்டாள்.

"அப்பா... மாமா போயிட்டாங்கப்பா. காத்தால காபி குடிச்சுட்டு சேர்ல சாஞ்சாங்களாம். அவ்வளவுதானாம்."

டீக்காரர் "என்னங்க ஆச்சு?" என்றார். "எங்க சம்பந்தி" என்றேன். அசாமிலிருந்து குஜராத் வரை ஒரு செக்போஸ்டிலும் வாயடைத்து நிற்காதவன் நான். அன்றைக்கு நின்றேன்.

இந்த வருசம் எழவு வீடுகளுக்குப் போய் வந்தே என் செருப்பு மொட்டையாகிவிட்டது. கூட லாரி ஓட்டியவர்கள், கூட சீட்டாடியவர்கள் என்று ஒவ்வொருவராகக் கிளம்புகிறார்கள். மாலைக் கடைக்காரர் என்னைக் கண்டதுமே நூலை அறுத்து வைத்துவிடுகிறார். அலுப்பாக இருக்கிறது. ஆனாலும் கருமாதிக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கிற சிறு புத்தகத்தில், "நாலு வரி எழுதித் தாங்க மாமா, அப்பாவப் பத்தி உங்களுக்குத்தான் தெரியும்" என்று மாப்பிள்ளை கேட்டார். நான் படித்தது ஏழாவது, அதிலும் பாதி. இருந்தாலும் அந்தக் காலத்து ஏழாவது என்பதால் இன்றைய காலேஜுக்குச் சமம் என்று எங்கள் வாத்தியாரே சொல்லியிருக்கிறார். நாலு வரியில் நிற்காது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

சம்பந்தி அர்த்தநாரி அவர்கள் மேட்டூரில் ஒரு ரசாயன ஆலையில் வேலை பார்த்தவர். குழாய்களில் திரவம் வரும் வால்வுகளைத் திறப்பதும் அடைப்பதும் அவர் பொறுப்பு. ஓய்வு பெற்றதும் பரமத்தி வேலூர்ப் பக்கம், சம்பந்தியம்மா பாவாயி அவர்களின் பெற்றோர் விட்டுச்சென்ற வெற்றிலைக் கொடிக்காலில் வீடு கட்டிக் குடியேறினார்கள். வாய்க்கால் கரையில் வீடு. பஸ் வேண்டுமென்றால் நடந்தே அலுத்துப்போகும். அதனால் ஒரு சின்னக் கார் வாங்கினார், பழையதுதான். நாலு பேர் ஏறினால் அதற்கு மூச்சு வாங்கும்.

அவரை நான் சரியாகத் தெரிந்துகொண்டது எங்கள் பிள்ளைகளின் கல்யாணத்தன்று. மண்டபத்துச் சமையல்கட்டில் யாரோ குழாயை முறுக்கி அடைத்திருந்தார்கள். சமையல்காரருக்குத் திறக்க முடியவில்லை. நான் போய் ஒரு திருகு திருகினேன், குழாயின் கைப்பிடியே கையோடு வந்துவிட்டது. மண்டபத்து மேனேஜர் இன்றும் அந்தக் கைப்பிடியை மேசை டிராயரில் வைத்திருந்து வருகிறவர்களுக்குக் காட்டுவதாகக் கேள்வி. தண்ணீர் பீய்ச்சி அடித்தது. பட்டு வேட்டியோடு வந்து கீழே குந்தி உட்கார்ந்து மெயின் வால்வை அடைத்தவர் மாப்பிள்ளையின் அப்பா. எழுந்து வேட்டியைப் பிழிந்துகொண்டே சொன்னார்:

"வால்வ அடைக்கறவன், அடுத்த ஷிப்டுக்காரன் கைக்குத் தெறக்கற மாதிரி அடைக்கோணும்ங்க சம்பந்தி. நம்ம பலத்தைக் காட்டற எடம் அதில்லீங்க."

அவர் சொன்னதை நான் அப்போது காதில் வாங்கவில்லை. முகூர்த்தத்துக்கு நேரமாகிவிட்டது.

பிறகு அவருக்குச் சர்க்கரை கண்ணில் இறங்கியது. எதிரே வருவது பஸ்ஸா மாட்டுவண்டியா என்று சத்தத்தை வைத்துத்தான் சொன்னார். கார் ஓட்டக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாப்பிள்ளைக்கு அப்பா அம்மாவின் மேல் கொள்ளைப் பிரியம். அதனால் ஒரே பேச்சாகச் சொன்னார்: "அந்த டப்பாவை வித்துடுங்கப்பா. கொடிக்காலக் குத்தகைக்கு விட்டுட்டு ரெண்டு பேரும் பெங்களூர் வந்துருங்க."

சம்பந்தி மறுத்துப் பேசவில்லை. மறுவாரமே சம்பந்தியம்மாவைக் கொண்டுபோய் டிரைவிங் ஸ்கூலில் சேர்த்துவிட்டார். அம்மாவுக்கு அப்போதே நரை முழுசாக ஏறிவிட்டது. வேலூர்க் கடைவீதியே வேடிக்கை பார்த்தது. "வெத்தலை கிள்ற கை கியர் போடுதுடா, ஓரமா நில்லுங்க!" என்று ஒருவன் கத்தினான். அம்மா கண்ணாடியை இறக்கி, "நீ நடுரோட்டுலயே நில்லு சாமி, இன்னும் பிரேக்கு பழகலை" என்றாராம். கடைவீதி காலியாகிவிட்டதாகச் சொன்னார்கள். நான் இருந்திருந்தால் இன்னும் நன்றாகச் சொல்லியிருப்பேன்.

லைசென்ஸ் வந்தது. வண்டியைப் பார்த்தால் நாலு டயரும் என் தலையைவிட மொட்டை. வாய்க்கால் பாலத்தில் இடித்து ஒரு சக்கரத்தின் ரிம் வேறு நெளிந்திருந்தது. பென்ஷன் பணத்துக்குள் அடங்க வேண்டும். டயர் என்றதும் என்னைத்தானே கூப்பிடுவார்கள்? கிளீனராகத் தொடங்கி, டிரைவராகி, லாரி புக்கிங் ஆபீசும் நடத்தியவன். டயரைத் தட்டிப் பார்த்து அது இன்னும் எவ்வளவு தூரம் ஓடும் என்று சொல்லிவிடுவேன். மெட்ராஸிலிருந்து டயர் கம்பெனி ஆபீசர் ஒருவரே நேரில் வந்து என் உள்ளங்கையைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார்.

முதலில் சேலத்துக்குக் கூட்டிப்போனேன். எனக்குத் தெரிந்த ஒருவரிடம் பெரிய காரிலிருந்து கழற்றிய அலாய் சக்கரங்கள் இருந்தன. வெள்ளித் தட்டு மாதிரி மின்னின. சின்ன வண்டிக்கு அதை மாட்டினால் ராஜநடை நடக்கும். சம்பந்தி தடவிப் பார்த்தார். சக்கரத்தின் அகலத்தை விரலால் அளந்தார்.

"இது கல்யாணத்துக்குப் போற சக்கரம்ங்க. நம்மது வெத்தலைக்குப் போற வண்டி. திருப்பினா உள்ள ஒரசும். அது கெடக்கட்டும், வழியில பஞ்சர்னா இந்த சைசு எந்தக் கடையில இருக்கும்?"

"என்னையக் கூப்பிட்டா ராவோட ராவா கொண்டாந்து தரமாட்டனா?"

"நீங்க தருவீங்க சம்பந்தி. பாவாயி யாரையும் கூப்பிடாம ஊடு வந்து சேரோணும், அதைச் சொல்றேன்."

அடுத்து, புதுக் காரிலிருந்து கழற்றியது என்று விற்கிற டயர்கள். மலிவு. தரையில் படுகிற பட்டன் தேயவே இல்லை. சம்பந்தி டயரின் பக்கவாட்டில் கட்டைவிரலை ஓட்டினார். புடைத்திருந்த எழுத்துகளில் ஓரிடத்தில் விரல் நின்றது. "பாவாயி, இங்க நாலு நம்பர் இருக்கும், படி" என்றார். அம்மா குனிந்து படித்தார். முதல் இரண்டும் டயர் செய்தது எத்தனையாவது வாரம் என்பது, பின்னிரண்டும் வருசம். அம்மாவே நிமிர்ந்து, "ஏனுங்க, இது நம்ம கவிதா கல்யாணத்துக்கும் முந்தினதுங்க" என்றார். கடைக்காரர், "ஓடாத டயருங்கம்மா, குடோன்லயே இருந்தது" என்றார். "ஓடாம இருந்தா என்னங்க? ஊட்டுல உக்கார வெச்சா ரொட்டி காயாதா?" என்று அம்மா கேட்டார். அந்த மனிதர் அப்புறம் எங்களுக்குத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை.

பழைய டயரில் புது ரப்பர் ஒட்டுகிற ரீட்ரேடு சொன்னேன், வேண்டாம் என்று தலையாட்டினார். முன்னால் ரெண்டு மட்டும் புதுசு, பின்னால் பழசு என்றேன். லாரிக்காரர் எல்லோரும் அப்படித்தான். அதற்கும் தலையாட்டல். சேலம், ராசிபுரம், நாமக்கல் என்று வெயிலில் சுற்றி எனக்கு முழங்கால் வீங்கிவிட்டது. வாழ்க்கையில் நான் லோடு தூக்கிக் களைத்ததில்லை. சம்பந்தியோடு டயர் பார்த்துக் களைத்துவிட்டேன். திரும்பி வருகையில் கொஞ்சம் கடுப்பாகவே, "ஓட்டை டப்பாவுக்கு இத்தனை ஆராய்ச்சியா? மாப்பிள்ளை சொல்றாப்ல பெங்களூர் போயிட்டா நிம்மதி இல்லீங்களா?" என்று கேட்டுவிட்டேன்.

வீங்கின காலோடு நான்தான் ஓட்டினேன், பின் சீட்டில் அம்மா தூங்கிப் போயிருந்தார். சம்பந்தி குரலைத் தாழ்த்தினார்.

"கண்ணு மட்டும் இல்லீங்க, நெஞ்சும் செரியில்லை. அவளுக்குச் சொல்லலை. நான் போனப்புறம் பையன் கூட்டிட்டுப் போயிருவான். அங்க நாலாவது மாடியில இவ என்ன பண்ணுவா? லிப்டுல ஏறி எறங்குவா. இவளுக்குக் கொடிக்கால்ல இருக்கோணும்ங்க. மருந்துக்கு, சந்தைக்கு, ஒரு நல்லது கெட்டதுக்கு, ஒருத்தன் தயவும் இல்லாமப் போய்ட்டு வரோணும். அது இந்த நாலு சக்கரத்துல இருக்குதுங்க சம்பந்தி."

நான் ரேடியோவை நிறுத்திவிட்டேன்.

கடைசியில் நாமக்கல்லில் எனக்குப் பழக்கமான கடையில்தான் முடிந்தது. வண்டிக்கு உள்ள அதே அளவு, சாதாரண இரும்பு ரிம், டியூப் இல்லாத டயர். விலையில், இருந்ததிலேயே மலிவானதற்கு அடுத்தது. டியூப் இல்லாதது ஏன் என்றால், ஆணி குத்தினாலும் பொசுக்கென்று உட்காராது, ஓரங்கட்ட அவகாசம் தரும். நெளிந்த ரிம்முக்குப் பதில் ஒன்று மட்டும் பழையது, அதை நான்தான் பழைய இரும்புக் கடையில் தேடிப் பிடித்தேன். சம்பந்தி அதைச் சிமெண்டுத் தரையில் உருட்டிவிடச் சொல்லி, கண்ணை மூடிக்கொண்டு சத்தம் கேட்டார். திரும்பவும் உருட்டச் சொன்னார். "வளைவு இல்லை" என்றார். நான் அதைப் பார்த்த மாத்திரத்திலேயே சொல்லியிருந்தேன்.

எல்லோரும் நாலு வாங்குவார்கள். அவர் ஐந்து வாங்கினார். மாற்றுக்கு வைக்கிற ஸ்டெப்னியும் புதுசு. "ஸ்டெப்னி சும்மாதானுங்க கெடக்கும், பழசுல நல்லதா ஒண்ணு போடுங்க" என்று கடைக்காரர் சொல்லிப் பார்த்தார். "அது வேலைக்கு வர்ற அன்னைக்கு அவ தனியா இருப்பாளுங்க" என்றார் சம்பந்தி.

கடைப் பையன்கள் காற்றழுத்தத்தில் ஓடும் துப்பாக்கி மாதிரி மெஷினை வைத்து நட்டுகளை டர்ர்ரென்று இறுக்கினார்கள். சம்பந்தி கையைத் தூக்கி நிறுத்தினார். எல்லாவற்றையும் தளர்த்தி, வண்டியில் இருக்கிற ஸ்பேனராலேயே கையால் இறுக்கச் சொன்னார். பிறகு அம்மாவைக் கூப்பிட்டு, ஸ்பேனர் மேல் ஒரு காலை வைத்து அழுத்திக் கழற்றிப் பார்க்கச் சொன்னார். நட்டு அசைந்தது. "போதும், திரும்ப இறுக்கு" என்றார். கடையில் சிரித்தார்கள்.

எனக்கு மனசு கேட்கவில்லை. ஊர் போகிற வழியில் கழன்றுவிட்டால்? டீ குடிக்க நிறுத்திய இடத்தில் நான் இறங்கி, எங்கள் லாரி வழக்கப்படி ஸ்பேனர் மேல் ஏறி நின்று ஒவ்வொரு நட்டையும் ஒரு மிதி மிதித்துவிட்டேன். மறுநாள் காலையிலேயே போன். அம்மா ஒத்திகை பார்த்திருக்கிறார், ஒரு நட்டும் நகரவில்லை. வேலூரில் மூன்று ஆண்கள் சேர்ந்தும் முடியவில்லையாம். நான் இறுக்கியதை நானேதான் பஸ் பிடித்துப் போய்க் கழற்றினேன். அந்த வலு இன்னும் இருக்கிறது. சம்பந்தி கோபிக்கவில்லை. இளநீர் வெட்டிக் கொடுத்துவிட்டு, "அடுத்த ஷிப்டுங்க சம்பந்தி, அடுத்த ஷிப்டு" என்று மட்டும் சொன்னார்.

அதன் பிறகு அம்மாதான் அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். முன் சீட்டில் அவர் கண்ணை மூடி உட்கார்ந்து டயரின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு வருவார்.

தகனம் முடிந்த மூன்றாம் நாள் அஸ்தி கரைக்கக் கிளம்பினோம். வீட்டுக்குப் பக்கத்திலேயே காவிரி ஓடினாலும், எங்கள் பக்கத்தில் பவானி கூடுதுறையில் கரைத்தால்தான் மனசு ஆறும். உறவுக்காரர்களின் வேன் முன்னால் போய்விட்டது. சின்ன வண்டியை யார் ஓட்டுவது? கொள்ளி வைத்தவர் கையில்தான் அஸ்திப் பானை இருக்க வேண்டும், போய்ச் சேரும்வரை மண்ணில் வைக்கக்கூடாது. ஆக மாப்பிள்ளை ஓட்ட முடியாது. எனக்கு முழங்கால் முற்றிவிட்டது, இப்போது கிளட்ச் மிதிக்காது. அம்மா சாவியை எடுத்தார். வாசலில் நின்ற பெரியவர் ஒருவர், "மூணாம் நாளே ஸ்டீரிங்கா? ஊர் என்ன பேசும்?" என்றார். "ஊர் பேசட்டும், பவானிக்கு யார் கூட்டிட்டுப் போறது, ஊரா? பக்கத்துல நான் உக்கார்றேன், என்னுது அகில இந்திய லைசென்ஸு" என்றேன். பெரியவர் அடங்கினார்.

பின் சீட்டில் மடியில் பானையோடு மாப்பிள்ளை. பேச்சு மெல்ல அங்கேதான் வந்தது. "கருமாதி முடிஞ்சதும் கூடவே கெளம்பிரலாம்மா. ரூம் ரெடியா இருக்கு. நீ தனியா இங்க..." அம்மா சாலையையே பார்த்து ஓட்டினார்.

திருச்செங்கோடு தாண்டியதும், "ஸ்டீரிங்கு ஒருபக்கமா இழுக்குதுங்கண்ணா" என்றார். ஓரங்கட்டினார். பின் சக்கரத்தில் ஆணி. காற்று மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளையும் இறங்கினார். இரு கையிலும் அப்பா. பானையைக் கீழே வைக்கவும் முடியாது, போனை எடுக்கவும் முடியாது.

நான் வேட்டியை மடித்துக் கட்டினேன். "நகருங்க தங்கச்சி, இதெல்லாம் எனக்கு..."

"நீங்க வேண்டாங்கண்ணா. நீங்க ஏறி மிதிச்சீங்கன்னா அப்புறம் என்னால கழட்ட முடியாது."

அழுது வீங்கிய முகத்தோடு மாப்பிள்ளை சிரித்துவிட்டார். சிரிப்பு பாதியில் வேறாக மாறியது.

அம்மா முன் சக்கரத்துக்குக் கல் வைத்தார். ஸ்பேனரைப் பொருத்தி ஒரு காலை வைத்து அழுத்தினார். முதல் நட்டு சத்தமில்லாமல் சுழன்றது. பிறகு அடுத்தது. ஜாக்கி போட்டுத் தூக்கி, சக்கரத்தை இழுத்து, ஸ்டெப்னியை மார்போடு அணைத்துத் தூக்கி மாட்டினார். புது டயர், ரப்பர் முடிகள்கூட உதிரவில்லை. மாப்பிள்ளை பானையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, அம்மாவின் பக்கத்திலேயே நகர்ந்து நகர்ந்து நின்றார், அப்பாவுக்கும் தெரியட்டும் என்பது போல.

வண்டி கிளம்பியது. கொஞ்ச தூரம் போனதும் மாப்பிள்ளை கேட்டார்:

"அந்த ஓட்டை டயர எங்கம்மா ஒட்டுவ?"

"எந்தக் கடையிலயும் ஒட்டுவாங்க கண்ணு. அதுக்குத்தான் அப்பா இந்த சைசு வாங்கினாரு."

"செரிம்மா. ஊடு திரும்பறப்ப ஒட்டிக்கலாம். ஸ்டெப்னி இல்லாம நீ சுத்தக்கூடாது."

பெங்களூர்ப் பேச்சு அதற்குப் பிறகு வரவில்லை.

கூடுதுறையில் பானையை ஆற்றில் விட்டதும் அம்மா குனிந்து கை கழுவினார். சக்கரத்தின் கறுப்பு விரலிடுக்கில் அப்படியே இருந்தது. மண்ணைப் போட்டுத் தேய்த்தார். போகவில்லை. விட்டுவிட்டார். அந்தக் கையாலேயே கும்பிட்டார்.

நானும் படியில் நின்று சொல்ல வேண்டியதைச் சொன்னேன். படிக்கிறவர்களுக்காக அதையே இங்கே எழுதுகிறேன். உங்கள் ஷிப்டு முடிந்தது, போய் வாருங்கள் சம்பந்தி. நான் பக்கத்தில் நின்று பார்த்தேன், ஏறி மிதிக்கவில்லை. நட்டு எல்லாம் கையாலதான் இறுக்கியிருக்குதுங்க.