பெயர் எழுதாத குமிழ்

அந்த மனிதரை நான் பார்த்ததில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே செத்துப்போய்விட்டார். ஆனால் அவர் செய்து வைத்த ஓர்கன் என்ற பெரிய குழாய் வாத்தியத்தின் தூசியை இத்தனை வருடங்களாகத் துடைத்தவள் நான். எங்கள் சொந்தக்காரர் பலருக்கு நான் இவ்வளவு செய்ததில்லை.

ஜெர்மனியில், பீலெஃபெல்ட்டிலிருந்து பஸ்ஸில் போகும் தூரத்தில், ஒரு கிராமத்துத் தேவாலயத்தில் எனக்குப் பராமரிப்பு வேலை. கதவு திறப்பது, மெழுகுதிரி மாற்றுவது, மணி அடிக்கும் சுவிட்சைப் போடுவது, தரை துடைப்பது. நான் சைவ சமயத்தவள் என்பது வேலைக்கு எடுத்தபோதே அவர்களுக்குத் தெரியும். வேறு யாரும் கேட்டு வராததால் அதை ஒருவரும் பெரிதுபடுத்தவில்லை.

வாசலருகே ஒரு கண்ணாடிச் சட்டத்தில் ஓர்கன் கட்டியவரின் படமும் வாழ்க்கைக் குறிப்பும் தொங்கின. பெரிய தாடி. முன்கூட்டியே டெர்மின் வாங்காமல் வந்தவரைப் பார்க்கும் அலுவலக முகம். தச்சரின் மகன். தொழில் பழக ஊர் ஊராக அலைந்து, திரும்பி வந்து இங்கேயே குடியிருந்து, சுற்றியிருந்த கிராமங்களுக்கெல்லாம் ஓர்கன் கட்டினார். துருத்திக்குத் தோல் ஒட்டுவது மனைவியின் வேலை. சன்னலை மறைக்கிறது என்று சொன்ன போதகரோடு சண்டை பிடித்து, சன்னலை மறைத்தே கட்டி முடித்தார். இந்த ஓர்கன்தான் அவருடைய கடைசி. ஒரு வரிசைக் குழாய்களை மட்டும் அடுத்த கோடையில் செய்து தருகிறேன் என்று விட்டுவைத்தார். அந்தக் குளிர்காலத்தில் நெஞ்சுச்சளி பிடித்துப் போய்ச் சேர்ந்தார். இந்த நாட்டில் கல்லறைக்கும் தவணை உண்டு. தவணை முடிந்ததும் கல்லை எடுத்துவிட்டார்கள். இப்போது அந்த இடத்தில் சைக்கிள் நிறுத்துகிறார்கள்.

ஓர்கன் வாசிப்பவருக்குக் காலால் வாசிக்க மிதிகட்டைகளும், இரண்டு பக்கமும் மரக் குமிழ்களும் இருக்கும். குமிழ் ஒன்றை இழுத்தால் ஒரு வரிசைக் குழாய்கள் பேசும். ஒவ்வொரு குமிழின் முகத்திலும் பீங்கான் தட்டில் அந்த வரிசையின் பெயர் எழுதியிருக்கும். ஒரு குமிழில் மட்டும் பெயர் இல்லை, வெறும் வெள்ளை. இழுத்தால் வரும், சத்தம் வராது. உள்ளே அதற்குரிய பலகையில் துளைகள் மட்டும் வரிசையாக இருந்தன.

அங்கே ஓர்கன் வாசித்தவர் ஓய்வுபெற்ற ஆசிரியை. கணவரும் பிள்ளைகளும் இல்லை, பூனையும் இல்லை. இளம் வயதிலிருந்து அந்த ஓர்கன் மாடத்துப் படியில் ஏறி இறங்கியதுதான் அவர் வாழ்க்கை. நாங்கள் பேசியது ஜெர்மனில்தான். ஆனால் என் நினைவில் அவர் யாழ்ப்பாணத் தமிழில்தான் பேசுகிறார். ஒவ்வொரு ஞாயிறும் கடைசிப் பாட்டுக்கு முன் அந்த வெள்ளைக் குமிழையும் மறக்காமல் இழுத்துவிடுவார். என்னத்துக்கு என்று ஒருநாள் கேட்டேன்.

"அந்த மனுசன் என்ன நினைச்சு விட்டவரோ தெரியேல்லை. இருந்தாலும் ஆளைச் சேர்க்காமல் விடக் கூடாது" என்றார்.

அந்த வரிசை என்னவாக இருந்திருக்கும் என்று அவரிடம் கேட்டால், மனம் நன்றாக இருக்கும் நாளில் புல்லாங்குழல் என்பார். போதகரோடு சண்டை கொளுவிய நாளில் ட்ரம்பெட் என்பார்.

வேலைக்குச் சேர்ந்த வருடமே சரஸ்வதி பூசை வந்தது. வீட்டில் புத்தகம், கத்தி, என் மகளின் வயலின், கணவரின் துளையிடும் மெஷின் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தேன். பிறகு, பிழைப்புக்கு நான் துடைக்கிற இவ்வளவு பெரிய வாத்தியத்தை விட்டுவிட்டு வயலினுக்கு வைப்பது சரியில்லை என்று பட்டது. சின்னப் பேணியில் சந்தனமும் குங்குமமும் கொண்டுபோனேன். ஓர்கனின் பக்கத்தில் ஆள் நுழைகிற சிறு கதவு உண்டு. அதன் உட்பக்கம் அந்தத் தாடிக்காரர் பென்சிலால் தன் பெயரை எழுதியிருந்தார். அதற்கு மேலே ஒரு பொட்டு வைத்தேன். கும்பிட்டுவிட்டுத் திரும்பினால் ஆசிரியை பாட்டு நோட்டுப் புத்தகங்களோடு நிற்கிறார்.

"இண்டைக்கு வாசிக்கக் கூடாது. வாத்தியத்துக்கு ஓய்வு. நாளைக்குத்தான் தொடலாம்" என்றேன், வேறு என்ன சொல்வதென்று தெரியாமல்.

அவர் புத்தகங்களைக் கீழே வைத்தார். "இதுக்கும் ஒருநாள் லீவு குடுக்க வேணுமெண்டு இவ்வளவு காலத்தில எனக்குத் தோன்றேல்லை" என்று மூடியைச் சாத்திப் பூட்டினார்.

அதன்பின் வருடா வருடம், எங்கள் நாட்காட்டியில் எந்தத் தேதி என்று கேட்டுத் தன் டைரியில் குறித்துக்கொள்வார். ஒருமுறை அது ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. கை வலிக்கிறது என்று போதகரிடம் சொல்லிவிட்டு முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார். சனம் துணையில்லாமல் பாடியது. அந்தப் பாட்டைக் கேட்டிருந்தால் சரஸ்வதியே வந்து மூடியைத் திறந்திருப்பாள்.

பிறகு தேவாலயத்தை மூடப்போவதாகப் பேச்சு வந்தது. ஆள் வருவதில்லை, பக்கத்து ஊரோடு சேர்க்கிறார்கள். கட்டடத்தை வீடுகளாக மாற்றலாம், ஓர்கனை விற்கலாம். ஒரே ஒரு வழிதான் மிச்சம். அந்தத் தாடிக்காரர் விட்டுப்போன மாதிரியே யாரும் கை வைக்காமல் ஓர்கன் இருந்தால், அதைப் பாதுகாக்கப்பட்ட பொருளாக அறிவித்து அங்கேயே விடுவார்கள். அதைப் பார்த்துச் சொல்ல ஒரு நிபுணர் வருவார் என்றார் போதகர். ஆசிரியை அதைக் கேட்டுவிட்டுப் படியேறினார். அன்றைக்குப் பயிற்சியில் வழக்கத்தைவிடக் கூட நேரம் வாசித்தார்.

நான் வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். கை வைக்காமல் இருக்க வேண்டுமாம்.

"நீர் வருஷா வருஷம் வைச்சனீர்தானே" என்றார் அவர்.

"விரலாலதான் வைச்சனான்."

"விரல் கையிலதானே இருக்கு." அவர் சாப்பாட்டைத் தொடர்ந்தார். பொட்டைத் துடைத்துவிடலாமா என்று யோசித்தேன். ஆனால் சாமிக்கு வைத்ததைப் பயத்தில் அழிக்க மனம் வரவில்லை. போதாததற்குக் குங்குமம் மரத்தில் ஊறிவிட்டிருந்தது.

நிபுணர் மெலிந்த மனிதர். காலையில் விளக்கோடு சிறு கதவு வழியாக உள்ளே போனார். நான், ஆசிரியை, போதகர் மூவரும் வெளியே நின்றோம். போதகரும் பெண்தான், கொஞ்சம் அவசரக்காரி. வெகுநேரம் உள்ளே தட்டுவதும் முனகுவதுமாக இருந்தது. பிறகு நிபுணர் வெளியே வந்து ஆள்காட்டி விரலைக் காட்டினார். சிவப்பு. முகர்ந்து பார்த்தார்.

"சந்தனம். இந்தப் பக்கத்து ஓர்கன்காரர் யாரும் அந்தக் காலத்தில் இதைப் பாவித்ததில்லை. யார் வைத்தது?"

அங்கே நெற்றியில் அதே நிறப் பொட்டோடு நின்றவள் நான் ஒருத்திதான். விசாரணை நீளவில்லை. நானே சொன்னேன்.

ஆசிரியை இடையில் வந்தார். "எனக்கு முதலே தெரியும். பொட்டு வைக்கிற அண்டைக்கு நான் வாசிக்கிறதில்லை."

போதகர் அவரைப் பார்த்தார். "அப்ப அந்த ஞாயிற்றுக்கிழமை கை வலி?"

"கை நல்லாத்தான் இருந்தது."

நிபுணர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். சிரிக்கவுமில்லை, கோபிக்கவுமில்லை. பொட்டினால் மரத்துக்கு ஒன்றும் இல்லை, அப்படியே இருக்கட்டும் என்றார். பிறகு முன்னால் நிமிர்ந்து நிற்கும் பெரிய குழாய்களைக் காட்டினார். "பிரச்சினை அதுதான். முதல் உலகப் போரில் வெள்ளீயத்துக்காக இங்கிருந்தவற்றைக் கழற்றிக்கொண்டு போனார்கள். இவை பிறகு போட்ட மலிவுச் சாமான். முகம் போன ஓர்கனை, கை வைக்காதது என்று நான் எழுத முடியாது."

யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டுக் கதவு நிலைகளையும் கூரை மரத்தையும் போர்க்காலத்தில் யாரோ கழற்றிக்கொண்டு போனார்கள். அந்த நிமிடத்தில் அந்தத் தாடிக்காரர் எனக்குச் சொந்தக்காரராகிவிட்டார். குற்றம் என்மேல் இல்லை என்று நிம்மதி வர வேண்டும். வரவில்லை. ஆசிரியை கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

ஓர்கனைப் போலந்தில் ஒரு தேவாலயம் வாங்கியது. கழற்ற வந்தவர்கள் குழாய்களைப் போர்வையில் சுற்றிப் பெட்டிகளில் அடுக்கினார்கள். சிறு கதவும் பொட்டோடு ஒரு பெட்டிக்குள் போனது. அந்த வெற்று வரிசையையும் புதிதாகச் செய்து பூர்த்தியாக்கப் போகிறோம், பெயர் எழுதிய புதுக் குமிழ் வரும் என்று அவர்களின் மேற்பார்வையாளர் ஆசிரியையிடம் சந்தோசமாகச் சொன்னார்.

"என்ன வரிசை?"

"புல்லாங்குழல்."

"அப்படியோ" என்றார் ஆசிரியை. பிறகு பழைய குமிழைக் கேட்டார். இனி உதவாதது என்று மேற்பார்வையாளர் அதைக் கழற்றித் தண்டோடு கொடுத்தார். ஆசிரியை கைப்பைக்குள் வைத்துக்கொண்டு, தண்டு வெளியே நீட்டியபடி பஸ்ஸுக்குப் போனார்.

அடுத்த சரஸ்வதி பூசைக்கு அவரை வீட்டுக்குக் கூப்பிட்டேன். வந்து, கைப்பையிலிருந்து அந்தக் குமிழை எடுத்து வயலினுக்குப் பக்கத்தில் வைத்தார். அதற்கும் ஒரு பொட்டு வைத்தேன். வெள்ளைப் பீங்கானில் அது நன்றாகத் தெரிந்தது. அவல் சாப்பிட்டுவிட்டு, குமிழை அங்கேயே விட்டுவிட்டுப் போனார்.

மறுநாள் விஜயதசமி. காலையிலேயே அழைப்பு மணி அடித்தது. கோட்டைக் கழற்றாமலே வாசலில் நின்றார்.

"இண்டைக்குத் தொடலாம்தானே?"

"ஓம். வாங்கோ."

சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தார். குமிழை இடது பக்கத்தில் வைத்து, மெதுவாக வெளிப்பக்கம் இழுத்தார். எப்போதும் போலவே சத்தம் வரவில்லை. பிறகு இரண்டு கைகளையும் மேசை விரிப்பில் வைத்துக் கடைசிப் பாட்டை முழுதாக வாசித்தார். மேசைக்கடியில் கால்களும் நடந்தன. கண்ணீர் விரிப்பில் விழுந்தது, அவர் துடைக்கக் கை எடுக்கவில்லை. நான் அடுப்பை அணைத்துவிட்டு, முடியும் வரை நின்று கேட்டேன்.