ஓர் ஆல்பம் தூரம்

என் கைப்பையில் ஒரு வெள்ளை ஒயர் இருக்கிறது. பாட்டுக் கேட்பதற்காகத் திண்டிவனம் கடைத்தெருவில் வாங்கிய சாதாரண ஹெட்செட். வெள்ளை என்று சொல்வதுகூடப் பழைய கதை, இப்போது அது சாயம் போன பழுப்பு. காதில் வைக்கும் இரண்டு குமிழ்களில் வலதுபக்கத்து எழுத்து இன்னும் பளிச்சென்று தெரிகிறது, இடதுபக்கத்து எழுத்து சுத்தமாகத் தேய்ந்து போய்விட்டது. பாட்டு ஓடும்போதும் ஓடி முடிந்த பிறகும் அந்தக் குமிழைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருப்பது அக்காவின் பழக்கம். ஒயரே இல்லாத ஹெட்செட் ஒன்றை என் கணவர் பிறந்தநாளுக்கு வாங்கித் தந்தார். அது அலமாரியில் தூங்குகிறது. அவருக்கு அதில் வருத்தம்தான், ஆனால் நான் என்ன செய்ய முடியும்?

அக்கா என்றால் கூடப் பிறந்தவள் இல்லை. என் கணவரின் அண்ணன் மனைவி, அதாவது என் ஓரகத்தி. ஓரகத்திகள் இரண்டு பேர் ஒரு வீட்டில் இருந்தால் என்ன ஆகும் என்று ஊருக்கே தெரியும். எங்கள் வீட்டிலும் அதெல்லாம் குறைவில்லாமல் நடந்தது. கல்யாணமாகி வந்த புதிதில் எனக்கு அவளைப் பிடிக்கவே இல்லை. கூப்பிட்டால் சில சமயம் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். பேசிக்கொண்டிருக்கும்போதே எழுந்து அந்தப்பக்கம் போய் உட்காருவாள். சரியான திமிர் பிடித்தவள் என்று என் அம்மாவிடம் போனில் சொன்னேன். மாமியார் வாசலிலிருந்து குரல் கொடுத்து அவள் வராவிட்டால், "காதுல என்ன பஞ்சா வெச்சிக்கினு கீறா?" என்று கத்துவார். அக்கா பதில் சொல்லாமல் வேலையைப் பார்ப்பாள். அதையும் நான் திமிர்க் கணக்கில்தான் சேர்த்தேன்.

எங்கள் இருவருக்கும் விழுப்புரத்தில் வேலை. அவளுக்கு ஜவுளிக்கடையில் பில் போடும் இடம், எனக்கு ஒரு ஆடிட்டர் ஆபீசில் தட்டச்சு. காலையில் திண்டிவனத்தில் ஒரே பாசஞ்சர் வண்டியில் ஏறுவோம், ஆனால் பேச்சு கிடையாது. ஒருநாள் எதிர் சீட்டில் ஓர் அம்மாள் தன் சம்பந்தியைப் பெட்டிக்கே கேட்கும்படி திட்டிக்கொண்டு வந்தார். நான் காதில் பாட்டை மாட்டிக்கொண்டு தப்பித்தேன். அக்கா என்னைப் பார்த்தாள். பிறகு கேட்காமலேயே என் ஒரு காதிலிருந்து குமிழைப் பிடுங்கித் தன் காதில் வைத்துக்கொண்டாள்.

"எனக்கும் ஒண்ணு குடும்மா. இந்தம்மாவோட ஒரே பேஜாரா கீது."

அப்படித்தான் தொடங்கியது. அவள் எப்போதும் வலதுபக்கம் ஜன்னல் இருக்கும் சீட்டாகப் பார்த்து உட்காருவாள், நான் அவளுக்கு இடப்பக்கம். அவளுடைய இடது காதில் ஒன்று, என்னுடைய வலது காதில் ஒன்று. நடுவில் ஒரு முழ ஒயர். வேறு பக்கத்து ஜன்னல் காலியாக இருந்தாலும் போக மாட்டாள், நின்றுகொண்டே வருவாள். காற்றுக்காக அடம்பிடிக்கிறாள் என்று நினைத்தேன்.

எனக்குப் பாட்டுப் பைத்தியம் உண்டு. ஆனால் நான் ஒரு பாட்டின் பாதியிலேயே அடுத்ததற்குத் தாவுகிற ஆள். அக்கா அதற்கு ஒப்புக்கொள்ளவில்லை. ஓர் ஆல்பம் என்றால் முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரைக்கும், போட்டவர்கள் வைத்த வரிசையிலேயே கேட்க வேண்டும் என்றாள். "சாம்பார் ஊத்தி, ரசம் ஊத்தி, அப்புறந்தான மோரு? நீ இன்னா எடுத்தவொடனே மோருக்குப் போற?" வண்டி நகர்ந்ததும் முதல் பாட்டு தொடங்க வேண்டும். மயிலத்தில் இரண்டாவது, பேரணியில் மூன்றாவது, விக்கிரவாண்டி தாண்டும்போது நாலோ ஐந்தோ. முண்டியம்பாக்கத்தில் கடைசிப் பாட்டு வந்துவிட்டால் நல்ல ஆல்பம். விழுப்புரம் வந்தும் முடியவில்லை என்றால் இசையமைப்பாளருக்கு நிறுத்தத் தெரியவில்லை என்பது அக்காவின் தீர்ப்பு. இன்றைக்கும் சில ஆல்பங்களை நினைத்தால் எனக்குப் பாட்டுக்கு முன்னால் ஸ்டேஷன்தான் ஞாபகம் வருகிறது.

டிசம்பர் கடைசி வாரம் எங்களுக்குத் திருவிழா. அந்த வருஷத்தின் ஆல்பம் எது என்று ஆளுக்கொன்று சொல்ல வேண்டும். நான் பெரிய படங்களின் பாட்டுகளையே சொல்வேன், அடித்து நொறுக்கும் பறையும் உறுமியும் எனக்கு உயிர். அக்கா யாரும் பார்க்காத படமாகத் தேடிப் பிடிப்பாள். படம் தியேட்டரை விட்டு வந்த வேகத்தில் போயிருக்கும், பாட்டு எங்களோடு தைப்பொங்கல் வரை வரும். ஒரு வருஷம் படமே இல்லாத ஆல்பம் ஒன்றைச் சொன்னாள். ஒரு பெண், கூட ஒரு கிடார், நாற்று நடும் பெண்களைப் பற்றி ஐந்து பாட்டு. அவளுக்கு எங்கிருந்து அது கிடைத்தது என்று இன்றுவரை தெரியாது. ஜெயித்தது யார் என்பதற்கும் ஒரு முறை வைத்திருந்தோம். வீட்டில் வேலை செய்யும்போது யார் தன்னை மறந்து மற்றவளின் பாட்டை முணுமுணுக்கிறாளோ அவள் தோற்றவள். அதற்காக நான் பாத்திரம் தேய்க்கும்போது உதட்டைக் கடித்துக்கொண்டே தேய்த்திருக்கிறேன். ஜெயித்தவளின் ஆல்பம்தான் போகிக்கு வீடு சுத்தம் செய்யும்போது ஓடும். மற்ற நாளெல்லாம் மாமனாரின் டி.வி.தான் ஓடும் வீட்டில் அந்த ஒருநாள்தான் எங்கள் ராஜ்ஜியம்.

அந்தக் கிடார்ப் பெண்ணின் ஆல்பத்தால்தான் சண்டை வந்தது. அதன் மூன்றாவது பாட்டைப் பற்றி அக்கா உருகினாள். "அந்தப் புல்லாங்குழல் வருது பாரு, எங்க ஒலக்கூர் ஏரிக்கரையில நிக்கற மாரி கீது." எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தப் பாட்டில் புல்லாங்குழலே கிடையாது. பாட்டோடு கூடவே ஒரு வயலின்தான் அழுதுகொண்டு போகும். சொன்னேன். "வயலினா? தூங்கிக்கினு வந்தியா நீ?" என்றாள். விழுப்புரம் பிளாட்பாரத்தில் இறங்கி, மேம்பாலம் ஏறி, பஸ் ஸ்டாண்டுப் பக்கம் பிரியும் வரை சண்டை. ஒரு வாரம் அதே பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டோம். ஒவ்வொரு முறையும் அவளுக்குக் குழல், எனக்கு வயலின். இரண்டு பேருமே மற்றவளுக்குச் சங்கீத ஞானம் போதாது என்று முடிவு கட்டினோம்.

அந்த வருஷம் தோற்றவள் நான். துணி காயப்போடும்போது வாய் தானாக முணுமுணுத்துவிட்டது. போகியன்று அவளுடைய ஆல்பம் சின்ன ஸ்பீக்கரில் ஓடியது. நான் பரண்மேல் இருந்தேன், அவள் கீழே ஒட்டடைக் கம்போடு நின்றாள். மூன்றாவது பாட்டு வந்தது. குழலும் வந்தது, வயலினும் வந்தது, ஒன்று கேட்க ஒன்று பதில் சொல்லிற்று. நான் பரணிலிருந்து எட்டிப் பார்த்தேன், அவள் அண்ணாந்து பார்த்தாள். இருவர் முகத்திலும் ஒட்டடை. பாட்டு முடிகிறவரை நாங்கள் அசையவில்லை. இடது குமிழுக்கு ஒன்றும் வலது குமிழுக்கு ஒன்றுமாகப் பிரித்து அனுப்பியிருக்கிறார்கள் என்று அப்போதுதான் உறைத்தது. இத்தனை வருஷமாக ஒரே ஆல்பத்தைக் கேட்டதாக நினைத்துக்கொண்டு, ஆளுக்குப் பாதியைக் கேட்டுவிட்டுச் சண்டை போட்டிருக்கிறோம்! சிரித்துச் சிரித்து எனக்குப் பரணிலிருந்து இறங்க முடியவில்லை.

பொங்கல் முடிந்து வேலைக்குக் கிளம்பியதும் வண்டியில் சொன்னேன். "அக்கா, போறப்போ நீங்க இதை வெச்சிக்குங்க, நான் அதை வெச்சிக்கிறேன். வர்றப்போ மாத்திக்கலாம். எடத்தையும் மாத்தி உக்காந்தா ஒயர் இழுக்காது." எவ்வளவு சந்தோஷமாகச் சொன்னேன்! அவள் முகம் மாறிவிட்டது. "ஒண்ணும் வேணாம்" என்று குமிழைக் கழற்றி என் மடியில் போட்டாள். அடுத்த நாள் வேறு பெட்டியில் ஏறினாள். அதற்கடுத்த நாளும். எனக்குக் கோபம் வந்தது, அழுகையும் வந்தது. பழைய திமிர் போகவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

சில நாள் கழித்து அவளாகவே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். முண்டியம்பாக்கத்துக்கு முன்னால் எக்ஸ்பிரஸ் ஒன்று முந்திப் போவதற்காக வண்டியை நிறுத்திவிட்டார்கள். அவித்த மல்லாட்டை (வேர்க்கடலைக்கு எங்கள் ஊர்ப் பெயர்) விற்பவர் எங்களைத் தாண்டிப் போகும்வரை பொறுத்திருந்தாள்.

"எனக்கு இந்தக் காது கேக்காதும்மா" என்று வலது காதைத் தொட்டாள். "ரெண்டாங்கிளாஸ் படிக்கசொல்ல சீழ் வெச்சிது. எண்ணெயக் காய்ச்சி ஊத்தனாங்க, அதோட போச்சு. ரெண்டு எடத்துல பொண்ணு பாத்துட்டு, விஷயம் தெரிஞ்சி வேணாம்னுட்டாங்க. மூணாவதா நம்ம வூட்லருந்து வந்தாங்க. எங்கப்பா வாயத் தொறக்கல. எங்க வூட்டுக்காரரு, உங்க மாமாவுக்கு மட்டும் அப்புறமா சொன்னேன். அத்தைக்குத் தெரிஞ்சா எங்கப்பாவத்தான் பேசுவாங்க, ஏமாத்திக் கட்டிக் குடுத்தான்னு. அவரு செத்தும் போயிட்டாரு. ஒலக்கூர்ல தலைய நிமித்திக்கினு நடந்த மனுசன்."

எக்ஸ்பிரஸ் தடதடவென்று கடந்து போயிற்று. வலதுபக்கத்து ஜன்னல், கூப்பிட்டால் திரும்பாத தலை, பேச்சின் நடுவில் இடம் மாறி உட்காருவது எல்லாம் ஒவ்வொன்றாக என் முன்னால் வந்து நின்றன. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "யாராண்டயும் சொல்ல மாட்டேங்கா" என்றேன்.

மதியம் ஆபீசில் சாப்பாட்டு நேரத்தில் போனைக் குடைந்தேன். செட்டிங்ஸில் கண் தெரியாதவர்களுக்கும் காது கேளாதவர்களுக்கும் என்று ஒரு பக்கம் உண்டு, அதுவரை நான் திறந்ததே இல்லை. அங்கே ஓர் இடத்தைத் தொட்டால் இரண்டு பக்கத்து ஓசையையும் கலந்து இரண்டு குமிழுக்கும் ஒன்றாகவே அனுப்பும். சாயங்காலம் திரும்பும் வண்டியில் ஒன்றும் சொல்லாமல் அந்த மூன்றாவது பாட்டைப் போட்டேன். அக்காவின் கட்டைவிரல் குமிழைத் தடவுவதை நிறுத்திவிட்டது. வயலின் வந்ததும் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"தெனம் இதத்தான் நீ கேட்டுக்கினு வந்தியா? இம்மா நாளு எனக்குக் காட்டாம நீயே வெச்சிக்கினியே!" என்று என் தொடையில் ஓங்கி அடித்தாள். கண்ணில் தண்ணீர். பழைய ஆல்பங்களையெல்லாம் மறுபடி முதலிலிருந்து கேட்டோம். அந்த வருஷம் புதுப்பாட்டு அதிகம் கேட்கவில்லை.

பிறகு மாமா அக்காவோடு விழுப்புரத்திலேயே வீடு பார்த்துக்கொண்டு போனார். இப்போது வண்டியில் நான் தனி. இரண்டு குமிழும் எனக்குத்தான் என்றாலும் ஒரு காதில்தான் வைக்கிறேன். டிசம்பர் கடைசி ஞாயிறு மட்டும் அக்கா திண்டிவனம் வந்துவிடுவாள், மறுநாள் காலை என்னோடு அந்த வண்டியில் போவதற்காகவே.

போன டிசம்பரிலும் வந்தாள். கூடத்தில் அவள் உட்கார்ந்திருக்க, மாமியார் தட்டில் மல்லாட்டையோடு வந்தார். வலதுபக்கம் நாற்காலி காலியாக இருந்தது. அவர் அதை இழுத்துக்கொண்டு சுற்றிப் போய் அக்காவுக்கு இடப்பக்கம் போட்டு உட்கார்ந்தார். "அந்தாண்ட சொன்னா உனக்குக் காதுல உழாது. இங்க கேளு" என்றவர், எதிர் வீட்டுக் கல்யாணத்தில் நடந்த கூத்தைச் சொல்ல ஆரம்பித்தார். அக்கா என்னைப் பார்த்தாள். நான் சத்தியமாக இல்லை என்று தலையாட்டினேன். அந்தப் பஞ்சுப் பேச்சை மாமியார் எப்போதோ நிறுத்திவிட்டார் என்பது அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. எந்த வருஷம் நின்றது என்று எவ்வளவு யோசித்தும் தெரியவில்லை.

காலையில் பிளாட்பாரத்தில் நின்றபோது அக்கா கேட்டாள். "நீ சொல்லலதான?"

"இல்லக்கா. எப்பலேர்ந்து தெரியும்னு அத்தையக் கேட்டீங்களா?"

"கேக்கல." தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எங்கப்பாவப் பத்தி இத்தினி வருசத்துல ஒரு வார்த்த பேசலியே அவங்க." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

வண்டி வந்தது. வலதுபக்கத்து ஜன்னல் சீட்டு காலியாக இருந்தது. வழக்கம்போல் அவளுக்கு வழிவிட்டு நின்றேன். "நீ போய் ஜன்னலாண்ட உக்காரு" என்று என்னைத் தள்ளினாள். அவளுடைய கேட்காத காதுப் பக்கத்தில் நான் உட்கார்ந்தது அதுதான் முதல்முறை. இடதுபக்கத்தில் யாரோ ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள், அக்கா அதைக் கண்டுகொள்ளவே இல்லை. தேய்ந்த குமிழைத் தன் காதில் வைத்து, ஒயரைக் கழுத்துக்குப் பின்னால் சுற்றி மற்றதை என்னிடம் நீட்டினாள்.

அவளுடைய அந்த வருஷத்து ஆல்பம் வழக்கம்போல் யாரும் கேள்விப்படாத ஒன்று. மயிலம் தாண்டுவதற்குள் எனக்குப் பொறுக்கவில்லை. இதெல்லாம் ஒரு ஆல்பமா, தாளமே இல்லை, இரண்டு பாட்டும் ஒரே மாதிரி இருக்கிறது என்று பொரிந்து தள்ளினேன். அவள் நேராகப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள். தோளைத் தட்டினேன். திரும்பி, பெட்டியில் இருந்தவர்கள் எல்லோருக்கும் கேட்கும்படிச் சொன்னாள்.

"அந்தக் காதுலதான சொல்ற? எவ்ளோ வேணா சொல்லு. எனக்குக் கேக்காது."

சொல்லிவிட்டு அப்படி ஒரு சிரிப்பு. பேரணியில் மூன்றாவது பாட்டு வந்தது. நன்றாகத்தான் இருந்தது.