யாழினிக்காக எழுதிய பாடக் குறிப்புகள்

இரண்டாம் வகுப்புக்குப் பாடக் குறிப்பு எழுதுவது, நாளைக்கு எந்தப் பக்கம் காற்றடிக்கும் என்று இன்றைக்கே எழுதிக் கையெழுத்துப் போடுகிற தொழில். சிறு பிள்ளைகளிடம் மாட்டிக்கொண்ட டீச்சர்களே, உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நானோ கல்லூரியில் குழந்தை வளர்ச்சி படித்தவள் வேறு. காஞ்சிபுரத்தில் எனக்கு வாய்த்த கடைசி வகுப்பில் யாழினி இருந்தாள். தறி வைத்திருக்கிற வீட்டுப் பெண். எழுதுவாள், கணக்குப் போடுவாள், மைதானத்தில் கத்துவாள். வகுப்பில் என்னிடம் மட்டும் ஒரு வார்த்தை இல்லை. ஓய்வு பெறுவதற்குள் அந்தக் குரல் என்னைப் பார்த்து ஏதாவது சொல்லிவிடாதா என்று ஏங்கினேன்.

இரண்டு டம்ளர்

ஏழு வயது வரை பிள்ளைகளுக்கு உயரமான டம்ளரில்தான் தண்ணீர் அதிகமாகத் தெரியும் என்று படித்திருந்தேன். ஒரே அளவு தண்ணீர் பிடித்த இரண்டு டம்ளர்களில் ஒன்றிலிருந்ததை ஒரு நெட்டை டம்ளரில் ஊற்றி, "இப்போ எதுல அதிகம்?" என்று யாழினியைக் கேட்டேன். யார் என்ன சொல்கிறார்கள் என்று நோட்டில் கோடு போட்டுக்கொள்ளப் பென்சிலும் தயார். அவள் தண்ணீரைப் பார்க்கவில்லை, பென்சிலைப் பார்த்தாள். எதிர்ப் பக்கம் இருந்த ஷபானாதான் எழுந்தாள்.

"நெட்டையிலதான் கம்மி மிஸ். ஊத்தும்போது மேசையில சிந்திட்டீங்க."

பக்கத்தில் ஒருத்தி

கொஞ்சம் கெட்டிக்காரப் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்தால், தயங்குகிற பிள்ளை அதைப் பிடித்துக்கொண்டு ஏறிவிடும் என்றும் படித்திருந்தேன். ஷபானாவை உட்கார வைத்தேன். ஒரு வாரம் நோட்டும் கையுமாக எதிரிலேயே நின்றேன். யாழினி வாய் திறக்கவில்லை, ஷபானாதான் திறந்தாள்.

"அவளுக்கும் சேத்து நானே சொல்லிட்றேன் மிஸ், உங்களுக்கும் வேலை மிச்சம்."

மூன்று பக்கம்

பாடக் குறிப்பில் கையெழுத்து வாங்கப் போனபோது, என்னைவிட வயதில் சிறியவரான ஹெச்.எம். பக்கங்களைப் புரட்டிவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தார்.

"ஏன் டீச்சர், மே மாசம் ரிட்டயர் ஆவப் போறீங்க, இன்னும் ஒரே பொண்ணுக்கு மூணு பக்கம் எழுதிக்கினு இருக்கீங்களே, மத்ததுங்கல்லாம் என்ன பாவம் பண்ணுச்சிங்க?"

அம்மா வந்த அன்று

ஏப்ரலில், பள்ளியின் கடைசி நாளுக்கு முந்தின நாள், யாழினியின் அம்மா வந்தார். வீட்டிலும் இப்படித்தானா என்று கேட்டேன். சிரித்துவிட்டார். தறியில் புதுப் பாவு நூலைப் பிணைப்பதற்கு முன் அவள் அப்பா இழைகளை எண்ணுவாராம். நூறுக்கு ஒரு கோடு காகிதத்தில் போட்டுக்கொண்டே போவாராம். நடுவில் யாராவது பேசினால் எண்ணிக்கை விட்டுப்போகும், மறுபடி முதலிலிருந்து.

"வூட்ல அது வாயே மூடாது மிஸ், அவங்கப்பா எண்ணும்போதுதான் கம்முனு இருக்கும். நீங்களும் எந்நேரமும் நோட்ல கோடு போட்டுக்கினே இருக்கீங்களாம், 'மிஸ் எண்ணிக்கினு இருக்காங்கம்மா, பேசக் கூடாது'ன்னு சொல்லுது."

கடைசி நாள்

நோட்டையும் பென்சிலையும் மேசை இழுப்பறையில் வைத்துச் சாத்தினேன். வெறுங்கையோடு போய்ப் பாயில் யாழினி பக்கத்தில் உட்கார்ந்தேன். எதுவும் கேட்கவில்லை. வெளியே வேப்பம்பூ உதிர்ந்துகொண்டிருந்தது. அவள் என் கையைப் பார்த்தாள், இழுப்பறையைப் பார்த்தாள், மறுபடி கையைப் பார்த்தாள். மைதானத்தில் கேட்டதைவிடச் சற்றுக் கரகரப்பான குரல்.

"எண்ணி முடிச்சிட்டீங்களா மிஸ்?"

ஓய்வு பெற்று வீட்டில் இருக்கிற இப்போது, தினமும் பள்ளி மணி அடிக்கிற ஒன்பதரை மணிக்குக் காது தானாக அந்தக் குரலைத் தேடும்போதுதான் தெரிகிறது, இத்தனை வருஷம் நான் எழுதிய பாடக் குறிப்புகளில் 'நோட்டை மூடவும்' என்கிற ஒரு குறிப்பு மட்டும் எங்கேயும் இல்லை.