பொய் சொன்ன வாய்க்கு ஒரு பல்செட்

பல்லுக்காரர் என்றால் அந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரியும். பல் பிடுங்குகிறவர் அல்ல, அது டாக்டர் வேலை. பிடுங்கிய இடத்துக்குப் பொய்ப்பல் செய்கிறவர். மாடிப்படிக்குக் கீழே ஓர் அறை, தேய்க்கிற மோட்டார், பிளாஸ்டர் தூள் படிந்த மேஜை. ஊரில் பாதிப் பேர் அவர் தயவில்தான் சிரிக்கிறார்கள். ஆனால் ஒருத்தர் முகத்தையும் அவர் பார்த்தது கிடையாது. டாக்டர் வாயை அச்செடுத்து அனுப்புவார், இவர் அந்த அச்சுக்குப் பல் அடுக்கித் திருப்பி அனுப்புவார்.

ஒரு நாள் காலையில் வந்த அச்சில் ஒட்டியிருந்த பெயரைப் படித்ததும் அவர் கை அப்படியே நின்றுவிட்டது. சூப்பர்வைசரின் வாய்.

அந்த ஆள் யார் என்று சொல்லிவிடுகிறேன். பல்லுக்காரரின் அண்ணன் ஒரு கம்பெனியில் லாரி டிரைவராக இருந்தார். பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை என்று சூப்பர்வைசரிடம் நடையாக நடந்து சொன்னார். பார்க்கலாம், பார்க்கலாம் என்றே அந்த ஆள் வண்டியை ஓட்ட வைத்தார். கடைசியில் லாரி நிற்காமல் போய்க் காவலாளியின் காலை நசுக்கியது. விசாரணையில் சூப்பர்வைசர் எழுந்து நின்று, நாக்கூசாமல், டிரைவர் குடித்திருந்தார், என் கண்ணால் பார்த்தேன் என்றார். அண்ணனோ கல்யாண வீட்டில்கூடக் கிளாஸைத் தொடாத மனுஷன். நான் குடிக்கவில்லை என்று அவர் தொண்டை வற்றச் சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வேலை போனது, லைசென்ஸ் போனது. அதற்கப்புறம்தான் அண்ணன் குடிக்க ஆரம்பித்தார். அந்த ஆள் சொன்ன பொய்யை உண்மையாக்கிவிட்டுத்தான் செத்தார். கதை சொல்கிற எனக்கே வயிறு எரிகிறது, கூடப்பிறந்தவனுக்கு எரியாதா?

அன்று சாயங்காலமே அண்ணி வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னார். அண்ணி தையல் மெஷினிலிருந்து நிமிரவே இல்லை.

"வலிக்கிற மாதிரி செய்ய முடியுமா தம்பி?"

"முடியும் அண்ணி."

"அப்ப செய்ங்க."

செய்தார். முதலில் மெழுகில் அடுக்கி அனுப்புவது வழக்கம். டாக்டர் அதை வாயில் வைத்துப் பார்த்து, கச்சிதம் என்று திருப்பி அனுப்பினார். அதற்கு மேல்தான் பல்லுக்காரர் தன் கைவரிசையைக் காட்டினார். கீழ்க் கடைவாய்ப் பற்களைத் துளியூண்டு நாக்குப் பக்கம் தள்ளினார், அதற்கு ஈடாக மேல்வரிசையையும் நகர்த்தினார், பிறகு வார்த்துவிட்டார். கடித்துப் பார்த்தால் குறை தெரியாது. விளக்கடித்துப் பார்த்தாலும் தெரியாது. வாயைத் திறந்து நாலு வார்த்தை பேசினால் நாக்கு மாட்டும். எந்த நாக்கு சாட்சி சொன்னதோ அதே நாக்கு! மனசாட்சி உறுத்தவில்லையா என்று கேட்பீர்கள். உறுத்தவில்லை. அன்று ராத்திரி அவர் இன்னொரு கரண்டி சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

சூப்பர்வைசர் டாக்டரிடம் நடக்க ஆரம்பித்தார். நாக்கு கடிபடுகிறது என்பார். டாக்டர் பார்ப்பார், ஒன்றும் இருக்காது, பழகப் பழகச் சரியாகிவிடும் என்று அனுப்பிவிடுவார். வீட்டில் அவர் மனைவியும், உங்களுக்கு எதிலும் குறைதான் என்று கையை உதறிவிட்டாராம். அதட்டிப் பேசியே வேலை வாங்கிய மனுஷன் சைகை காட்டுகிற நிலைக்கு வந்துவிட்டார். டாக்டரின் நர்ஸ் மூலமாகக் கிடைத்த இந்தச் சேதிகளைப் பல்லுக்காரர் சுடச்சுட அண்ணியிடம் கொண்டுபோவார். இன்னும் வலிக்குதாமா என்று அண்ணி கேட்பார். வலிக்குதாம் என்றால், காபி போட எழுந்து போவார்.

நச்சரிப்புத் தாங்காமல் டாக்டர் ஒரு நாள் பல்லுக்காரரையே வரச்சொன்னார். நாற்காலியில் சூப்பர்வைசர் சாய்ந்திருந்தார். கிழடு தட்டிப்போயிருந்தார், அவருக்கு இவரை அடையாளம் தெரியவில்லை.

"நீயே பாத்துச் சொல்லுப்பா," என்றார் டாக்டர். "வேலையில ஏதாவது கோளாறு இருக்கா?"

பல்லுக்காரர் குனிந்து பார்க்கிற மாதிரி பார்த்தார். "நல்லா பாத்துட்டேன் சார். எல்லாம் சரியாத்தான் இருக்கு."

சூப்பர்வைசர் டாக்டரைப் பார்த்தார், நர்ஸைப் பார்த்தார், கடைசியாக இவரைப் பார்த்தார். "நான் பொய் சொல்லல தம்பி," என்றார் குழறிக்கொண்டு. சொல்லும்போதே நாக்கு கடிபட்டுக் கண்ணில் தண்ணீர் முட்டியது.

அந்த முகத்தைப் பல்லுக்காரர் ஏற்கெனவே பார்த்திருந்தார். அண்ணனுக்குத் துணையாகப் போயிருந்த அந்த விசாரணை அறையில் அண்ணனுக்கு அதே முகம்தான். சொல்வது அத்தனையும் நிஜம், நம்புவதற்குத்தான் ஆளில்லை. அப்படியானால் அன்றைக்கு சூப்பர்வைசர் நின்ற இடத்தில் இன்றைக்கு நிற்பது யார்?

இரக்கம் பொங்கிவிட்டது என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். அவருக்குத் தன்மேலேயே அருவருப்புத்தான் வந்தது. நல்லது கெட்டது தெரிவது சாமி பயத்தாலா, பெற்றவர்கள் வளர்ப்பாலா என்று படித்தவர்கள் மேடை போட்டுப் பேசுகிறார்கள். பேசட்டும். இவருக்கு அது ஜென்ம விரோதியின் முகத்திலிருந்து வந்தது, வேண்டாத விருந்தாளி மாதிரி வந்து உட்கார்ந்துகொண்டது.

"கோளாறு இருக்கு சார்," என்றார். "வேணும்னுதான் அப்படி வெச்சேன். நான் அந்த லாரி டிரைவரோட தம்பி."

டாக்டர் கத்தவில்லை. புதுசாக ஒரு செட் ஒழுங்காகச் செய்து கொடு, அதோடு சரி, இனி இந்தப் பக்கம் வராதே என்றார். பல்லுக்காரரின் பிழைப்பில் முக்கால்வாசி அந்த ஒரு வார்த்தையில் போனது. சூப்பர்வைசர் பல்செட்டைக் கழற்றி டாக்டர் கையில் கொடுத்தார்.

புது செட்டைப் பல்லுக்காரர் தன் வாய்க்கே செய்கிற மாதிரி செய்தார். டாக்டர் அதைப் பொருத்தி அனுப்புகிற நேரம் பார்த்து வாசலில் காத்திருந்தார். கோபம் ஒரு துளி குறைந்திருக்கவில்லை.

"வலிக்குதா?"

"இல்லப்பா."

"அப்ப எங்க அண்ணி வீட்டுக்கு வாங்க. அன்னைக்குச் சொன்ன வாயாலயே இன்னைக்கு உள்ளதச் சொல்லுங்க."

அந்த மனுஷன் ஏதாவது சாக்கு சொல்லியிருக்கலாம். ஆனால் சொன்னதை ஒருவரும் நம்பாத நாட்களை அவரும் இப்போது பார்த்துவிட்டார். பல்லுக்காரர் கூடவே நடந்தார்.

அண்ணி அவரை உட்காரச் சொல்லவில்லை. கதவருகே நின்றபடியே சூப்பர்வைசர் சொன்னார். "உங்க வீட்டுக்காரர் அன்னைக்குக் குடிக்கலம்மா. பிரேக் போயிருந்தது. எனக்குத் தெரியும்." ஒரு எழுத்துகூடக் குழறவில்லை. பல் அவ்வளவு நன்றாக உட்கார்ந்திருந்தது.

அண்ணி போய் மெஷினை நிறுத்திவிட்டு வந்தார். "இன்னொரு தடவ சொல்லுங்க."

சொன்னார். அண்ணி பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டு நிறுத்தி, மறுபடி சொல்லச் சொன்னார். அதையும் சொன்னார். பிறகு கைகூப்பிவிட்டுப் படியிறங்கத் திரும்பினார்.

"நாளைக்கும் வாங்க," என்றார் அண்ணி. "எம் பொண்ணு வீட்ல இருப்பா. அவ அப்பாவ அவளுக்குக் குடிகாரரா மட்டும்தான் தெரியும்."