இரண்டாம் பாகத்தில் உறங்கியவன்

முதல் பாகம் நல்லதா, இரண்டாம் பாகம் நல்லதா என்று இப்போது ஆளாளுக்குப் போனை வைத்துக்கொண்டு அடித்துக்கொள்கிறார்கள். பறக்கிற ஆள், மலையைத் தூக்குகிற ஆள், எல்லாருக்கும் இரண்டு மூன்று பாகம் வந்துவிட்டது. அடித்துக்கொள்ளட்டும். எனக்குத் தெரிந்து நான் பார்த்தது ஒரே ஒரு முதல் பாகம். இரண்டாம் பாகத்தில் அரை மணி நேரம்.

முதல் பாகம் வந்தபோது மகள் எட்டாம் வகுப்பு. ஆனி மழை விடாமல் அடித்த வாரம். ரப்பர் மரத்தில் தண்ணீர் வழிந்தால் பால் வெட்ட முடியாது, தோட்டத்தில் வேலையில்லை. அருமனையில் பஸ் ஏறி மார்த்தாண்டம் போய், நனைந்த குடையைக் காலுக்கிடையில் வைத்துக்கொண்டு அவளும் நானும் பார்த்தோம். வெளிநாட்டுப் படம். தமிழ் பேசவைத்திருந்தார்கள், கதாநாயகனான வெள்ளைக்காரன் மெட்ராஸ் ஆட்டோக்காரன் மாதிரிப் பேசினான். அது கிடக்கட்டும். பாலத்திலிருந்து விழப்போன பஸ்ஸை ஒற்றைக் கையால் தாங்கி நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போவான். கை தூக்க வராது. தட்டை முன்னால் வைத்துக்கொண்டு சாப்பிட முடியாமல் உட்கார்ந்திருப்பான். அக்காக்காரி வந்து, திட்டிக்கொண்டே ஊட்டிவிடுவாள்.

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. நானூறு மரத்தில் பட்டையைக் கீறிப் பால் வெட்டிவிட்டு வந்தால் என் வலது தோளும் அப்படித்தான். கத்தி பிடித்த விரல்கள் மடங்கினது மடங்கினபடி நிற்கும். பலசாலிக்கும் கை வலிக்கும் என்று தெரிந்த ஒருத்தன் அந்தப் படத்தை எடுத்திருந்தான். "எங்க அப்பா சினிமா பாத்து அழுதாவ" என்று அவள் ஊர் முழுக்கச் சொல்லிவைத்தாள். அந்தக் கையைப் பற்றியே நாங்கள் இரண்டு பேரும் ஒரு வருஷம் பேசியிருப்போம்.

வெட்டின மரத்துக்கு மறுநாள் ஓய்வு கொடுக்கவேண்டும், தொழிலில் அது முறை. மரத்துக்கு ஓய்வு நாள் எனக்கும் ஓய்வு நாளாக இருந்தது. அவள் பத்தாவது தாண்டினதும், இனி படிப்புச் செலவு கூடும் என்று, அந்த நாளில் வெட்ட இன்னொரு தோட்டத்தைப் பிடித்தேன். இரண்டு தோட்டத்து மரங்களும் முறைவைத்து இளைப்பாறின. நான் தினமும் விடியும் முன்னால் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு போனேன். சவத்தெழவு, மரத்துக்கு இருக்கிற சட்டம் வெட்டுகிறவனுக்குக் கிடையாது.

பிறகு உட்கார்ந்த இடமெல்லாம் உறக்கம்தான். பள்ளிக்கூட ஆண்டுவிழாவில் அவள் மேடையேறிப் பேசினபோது உறங்கினேன். பெற்றோர் கூட்டத்தில் டீச்சர் தட்டியெழுப்பிக் கையெழுத்து வாங்கினார். ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில் உறங்கினதைக் கணக்கில் சேர்க்கவேண்டாம், அதில் எனக்குத் துணை நிறைய உண்டு.

இரண்டாம் பாகம் தை மாதம் வந்தது. குளிர் காலம், பால் நன்றாக ஊறுகிற சமயம், ஒரு நாள் கூட விட முடியாது. அவள் அப்போது பிளஸ் டூ. கூடப் படிக்கிற பிள்ளைகள் முதல் வாரமே கூப்பிட்டும் போகவில்லை.

"நாம ரெண்டு பேரும் போவோம், அப்பா. ஆனா ஒறங்கப்பிடாது, கேட்டியளா?"

"இல்ல மக்களே. சத்தியமா இல்ல."

"எனக்க காரியம் எல்லாத்துலயும் ஒறங்கியாச்சு. இதுலயும் ஒறங்கினா, பொறவு நான் ஒண்ணுக்கும் ஒங்கள கூப்பிட மாட்டேன்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். எனக்குப் பயமாகிவிட்டது. அன்று மதியம் கிளம்பும் முன் மனைவி இரண்டு கிளாஸ் பால் விடாத கட்டன்சாயா போட்டுத் தந்தாள். இரண்டையும் குடித்தேன்.

தியேட்டரைப் புதுப்பித்திருந்தார்கள். பழைய பலகை நாற்காலி போய் மெத்தை, போதாததற்கு ஏசி. பால்வெட்டுக்காரனைக் கொல்ல வேறென்ன வேண்டும்? தொடையைக் கிள்ளிக்கொண்டு பார்த்தேன். பஸ்ஸைத் தாங்கினவன் இப்போது பணக்காரனாகிவிட்டான். இரும்புச் சட்டை, தனி விமானம். ஒரு வில்லன் போதாதென்று இரண்டு பேர். கட்டிடம் கட்டிடமாக விழுகிறது, அவனுக்கு மூச்சு கூட வாங்கவில்லை.

"இவனுக்கு இப்பம் கை வலிக்காதா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"பொறுங்க, வரும்" என்றாள்.

அது வரும் வரும் என்று காத்திருந்ததில்தான் கண் சொருகிவிட்டது.

பிறகு மழை. தகரத்தில் கல்லை அள்ளிக் கொட்டினது போல் மழை. வெட்டி முடித்துப் பால் சொட்டுகிற நேரத்தில் மழை வந்தால் வாளியோடு ஓடவேண்டும். மரத்துக்கு மரம் கட்டியிருக்கிற சிரட்டைப் பாலைத் தண்ணீர் அடித்துக்கொண்டு போகும் முன் ஊற்றி எடுக்கவேண்டும். நான் துள்ளி எழுந்தேன். "மழ! மழ! பாலெல்லாம் போச்சே!" என்று கத்திக்கொண்டு ஓடினேன். யார் காலையோ மிதித்தேன், யார் மடியிலிருந்தோ கடலைப் பொட்டலம் பறந்தது. "அண்ணே, மழ சினிமாவுலயாக்கும்!" என்று பின்னாலிருந்து ஒருவன் கூவ, தியேட்டர் பாதி சிரித்தது. வேறு ஊர் என்றால் பைத்தியம் என்றிருப்பார்கள். இங்கே உட்கார்ந்திருந்தவர்களில் பலருக்கும் ரப்பரோடுதான் பிழைப்பு, என்ன கனவு என்று அவர்களுக்குத் தெரியும். கதவைத் தள்ளி வெளியே வந்தால் வெயில் கொளுத்துகிறது. படிக்கட்டில் நின்று வாளியைத் தேடினேன்.

மகள் என் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தாள்.

"படம் முடியல்லியே. நீ போய் பாரு மக்களே, நான் இங்கின நிக்கேன்."

"வேண்டாம். போவோம்."

பஸ்ஸில் முன் சீட்டில், எங்கள் ஊரில் ரப்பர் ஷீட் வாங்குகிற கடைக்காரர். திரும்பிப் பார்த்து, "அப்பனும் மவளும் படத்துக்கா? எது கொள்ளாம் ஓய், பழசா புதுசா?" என்றார்.

இல்லை, உறங்கிவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். வெட்கம் விடவில்லை. "புதுசு தான், கேட்டேரா. பழசு இதுக்க பக்கத்துல நிக்காது. கடைசி சண்ட இருக்கே, பயங்கரம்!" என்றேன்.

"பிள்ள எப்பிடி படிக்கா?"

"கிளாஸ்லயே முதல் ஆளாக்கும்."

அவர் தலையாட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டார். பஸ் மேல்புறம் ஊரைத் தாண்டியது. மகள் எனக்கு மட்டும் கேட்கும்படி கேட்டாள்.

"அப்பா, நான் பிளஸ் டூல என்ன குரூப்பு?"

"இதென்ன கேள்வி?"

"சொல்லுங்க."

சிரித்துப் பார்த்தேன், அவள் சிரிக்கவில்லை. வீட்டு மேசையில் தடியாக ஒரு புத்தகம் கிடக்கும், அதன் அட்டையை நினைவில் தேடினேன். அட்டை வரவே இல்லை. அவளுக்காகத்தானே இரண்டாவது தோட்டத்தில் கிடந்து சாகிறேன் என்று வாய்வரை வந்தது. அதைச் சொல்லாமல், "பயாலஜி" என்றேன்.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். கோபமே இல்லை.

"காமர்ஸ்" என்றாள். "ரெண்டு வருசமா."

அடுத்த நிறுத்தத்தில் கைக்குழந்தையோடு ஒருத்தி ஏறினாள். மகள் எழுந்து அவளுக்கு இடம் கொடுத்துவிட்டு, முன்னால் போய், அருமனை வரைக்கும் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே வந்தாள்.